சந்துப் பக்கத்து ஜன்னல்

அறிவிப்பம்மாவின் கைகள் கட்டிலின் கால்மாட்டில் வேலையாக இருந்தன. விரிப்பின் தொங்கும் முனையை இழுத்தாள், ஒரு மடிப்பு மடித்தாள், மெத்தைக்கு அடியில் செருகி உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். மூலை கத்தியால் நறுக்கியது போல நின்றது. நின்றதைப் பார்த்தாள். உருவிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"அந்தத் துணிய ஏன் இந்தப் பாடு படுத்தற? வீடு வாங்கத்தானே வர்றாங்க, மெத்தை வாங்கவா வர்றாங்க?" முன்னறையிலிருந்து அவளுடைய வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"நீங்க பேசாம உக்காருங்க."

"உக்காந்துதான் இருக்கேன். நீதான் நிக்க மாட்டேங்கற."

அது உண்மை. காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த மேசையையே துடைத்தாள். பூந்தொட்டியை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள், பிறகு வாசலுக்கு, பிறகு திரும்பவும் ஜன்னலுக்கு. செய்ய வேண்டிய வேலை எதுவும் மிச்சமில்லை. அதுதான் தொல்லை.

அறிவிப்பம்மா என்ற பெயரை அவளுக்கு மருத்துவமனையில் வைத்தார்கள். ஆண்கள் வார்டில் உதவிச் செவிலியாகச் சேர்ந்த புதிதில் தலைமைச் செவிலி சொல்லிக்கொடுத்த முதல் பாடம், நோயாளியின் உடம்பைச் சொல்லாமல் தொடக்கூடாது என்பது. ஊசி குத்துமுன் சுருக்கென்று இருக்கும் என்று சொல். புரட்டுமுன் எந்தப் பக்கம் என்று சொல். சொல்லாமல் செய்தால் அவன் பயப்படுவான். பயந்தால் உடம்பு இறுகும். அவன் உடம்பு இறுகினால் போவது உன் இடுப்பு. மற்றவர்கள் பாதியைக் கேட்டுப் பாதியை விட்டார்கள். இவள் ஒன்றையும் விடவில்லை. நினைவில்லாமல் கிடந்தவனுக்குக்கூட, "ஐயா, இப்ப வாயைத் துடைக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் துடைத்தாள். "ரயில் நிலையத்துலகூட இவ்வளவு அறிவிப்பு கிடையாதுடி" என்று உடன் வேலை செய்தவள் சிரித்தாள். அன்று ஒட்டிய பெயர் உரியவில்லை. ஓய்வு பெற்ற பின் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டபோதும் அதே வாய்தான். சொந்த வீட்டு விளக்கைப் போடும்போதுகூட "விளக்கைப் போடறேன்" என்று தானாக வந்துவிடும்.

இப்போது அவளுக்கு இருக்கும் ஒரே நோயாளி வீட்டுக்காரர். குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டாவது வருடம். "ஊருக்கெல்லாம் தண்ணி விட்டவன் நான். எனக்கு இவ டம்ளர்ல அளந்து ஊத்தறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். போகும்போது மனிதர் பேசிக்கொண்டு போவார். வரும்போது பிழிந்த துணி. போன மாதம் பஸ் மாறும் இடத்தில் ரத்த அழுத்தம் இறங்கி அப்படியே சரிந்துவிட்டார். அவள் தாங்கிப் பிடித்தாள். அடுத்த தடவை பிடிக்க முடியுமா என்பதை அவளுடைய சொந்த முழங்கால் அவளிடம் சொல்லியிருந்தது.

மருத்துவமனைக்கு நேர் எதிரே, தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. சாலையைக் கடந்தால் டயாலிசிஸ் அறை. நாளை மாலைக்குள் முன்பணம் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக அதன் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். இந்த வீடு போனால்தான் அந்த வீடு வரும்.

இந்த வீட்டில் குறை என்று சொல்ல எதுவும் இல்லை. குறை பக்கத்து வீட்டில் இருந்தது, அதுவும் இன்னும் முளைக்காத குறை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் கண்ணாடிக் கடை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. சந்தின் அந்தப் பக்கம் அவருடைய தகரக் கொட்டகை, அதற்கு மேலே வானம். அறிவிப்பம்மாவின் பின்னறை ஜன்னல் அந்த வானத்தைப் பார்த்துத் திறக்கும். கண்ணாடிக்காரர் தகரத்தைப் பிரித்துவிட்டு, எல்லையை ஒட்டி இரண்டு தளம் கட்ட நகராட்சியில் அனுமதி வாங்கியிருந்தார். தெருவே அறிந்த விஷயம். ஆட்சேபம் சொல்ல நாள் கொடுத்தபோது வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தார், அவள் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள். சுவரைப் பற்றி யார் நினைத்தார்கள்?

கட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, இதுதான் வீடு என்று காட்டலாம். கட்டாமலே விட்டால் இன்னும் நல்லது. மனிதர் அனுமதியை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டுச் செங்கல்லை மட்டும் வாசலில் அடுக்கியிருந்தார். முன்பு வீடு பார்க்க வந்த இரண்டு பேரும் அந்தச் செங்கல்லைப் பார்த்தார்கள், விசாரித்தார்கள், மறுபடி வரவில்லை.

மூன்றாவதாக வந்தவள் ஒரு பஸ் கண்டக்டர். கரகரத்த குரல், நேரான பேச்சு. ராத்திரி வேலைக்குப் போகும் வழியில், இருட்டும் நேரத்தில் இரண்டு தடவை வந்தாள். ஜன்னலைத் திறந்து பார்த்து, "எங்கப்பாவை இங்க படுக்க வெக்கலாம்" என்றாள். பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. இன்று பகல் வெளிச்சத்தில் அப்பாவையே அழைத்துவருகிறாள்.

தரகர் முன்னாலேயே வந்துவிட்டார். வரும் வழியில் கண்ணாடிக்காரரின் செங்கல் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வந்ததைப் பெருமையாகச் சொன்னார்.

"சீப்பை ஒளிச்சு வெச்சா கல்யாணம் நின்னுடுமா?" என்றார் வீட்டுக்காரர்.

"நிறுத்த வேண்டாம்ங்க, நடக்கற வரைக்கும் மறைஞ்சிருந்தா போதும்." தரகர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லல. கேட்டா சொல்லுங்க. கேக்கலேன்னா ஏன் சொல்லணும்? அவரு கட்டுவாரோ மாட்டாரோ. நடக்காத விஷயத்தை நாம ஏன் பேசணும்?"

"சரி" என்று அவள் சொல்லவில்லை. "முடியாது" என்றும் சொல்லவில்லை. பூந்தொட்டியைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. கண்டக்டர் இறங்கி, பிடித்து நடக்கும் நடைச்சட்டத்தை விரித்து வைத்து, அப்பாவைப் பிடித்து இறக்கினாள். அகலமான தோள், பெரிய கை, வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய உடம்பு. இடுப்பு எலும்பு முறிந்து, ஆணி வைத்து ஆறு மாதம். எரிச்சலை மறைக்கத் தெரியாத முகம்.

"படியில நிக்காதீங்க, வழி விடுங்க" என்று தரகரை நகர்த்தினாள் கண்டக்டர். தரகர் பஸ்ஸில் நகர்வது போலவே உள்ளே நகர்ந்தார்.

பின்னறை பளிச்சென்று இருந்தது. கண்டக்டர் கட்டிலைக் காட்டினாள். "அப்பா, படுத்துப் பாருங்க. நாளெல்லாம் இங்கதானே இருக்கப் போறீங்க."

"மாடு வாங்கறப்ப பல்லைப் பாக்கற மாதிரி இருக்கு" என்றார் பெரியவர். ஆனாலும் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த விதத்திலேயே அறிவிப்பம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, இந்த மனிதரைப் படுக்கவைக்க மகளுக்கு இன்னும் பழகவில்லை என்று. கை தானாக முன்னால் போனது. கை போனால் வாயும் கூடவே போகும்.

"ஐயா, இப்ப உங்க தோளுக்குப் பின்னால கை குடுக்கறேன். சாயுங்க... அவ்வளவுதான். இப்ப காலைத் தூக்கி மேல வெக்கறேன். ரெண்டும் சேர்த்து. வலிச்சா சொல்லுங்க. இப்ப ஜன்னல் பக்கம் திருப்பறேன். இடுப்புல கொஞ்சம் இழுக்கும், அப்புறம் விட்டுடும். ஆங்... இப்ப உங்களுக்கு வானம் தெரியும். சுவர் வந்ததுக்கு அப்புறம் தெரியாது."

தரகர் இருமினார். தொண்டையில் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த இருமல்.

"எந்தச் சுவர்?" என்றாள் கண்டக்டர்.

விழுங்கப் பார்த்தாள் அறிவிப்பம்மா. சொல்லி முடித்ததை எப்படி விழுங்குவது? ஜன்னலுக்கு வெளியே தகரத்தைக் காட்டினாள். எல்லை, இரண்டு தளம், அனுமதி, தார்ப்பாய்க்குக் கீழே இருக்கும் செங்கல் என்று ஒன்று விடாமல் சொன்னாள். ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"ரெண்டு தடவை வந்தேன். ரெண்டு தடவையும் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

"அது ஒரு பதிலா?"

"இல்லதான்" என்றாள் அறிவிப்பம்மா.

கண்டக்டர் அப்பாவைத் தூக்க வந்தாள். சொல்லாமல் தூக்கியதால் அவர் "அம்மா" என்று கத்தினார். வாசல் வரை நடைச்சட்டம் டக் டக்கென்று போயிற்று. வாசலில் நின்று பெரியவர் தெருவை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தார்.

"ஏம்மா, இந்த ரோட்டுல பெரிய வண்டி விடுவாங்களா?"

"விடுவாங்க. விடிஞ்சா காய்கறி லாரி, அப்புறம் மணல் லாரி. வீடே அதிரும்" என்றாள் அறிவிப்பம்மா. கெட்டது கெட்டுவிட்டது, இதையும் சொல்லிவிடலாம் என்று.

"ம்" என்றார் அவர். ஆட்டோ போய்விட்டது.

தரகர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "தவளை தன் வாயால கெடும்னு படிச்சிருக்கேன். இன்னிக்குத்தான் நேர்ல பாத்தேன்." தார்ப்பாயை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரும் கிளம்பினார்.

வீட்டுக்காரர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியிலிருந்து அசையாமல் தாழ்ந்த குரலில் சொன்னார். "நல்லது. உன் வாய் சுத்தமா இருக்கட்டும். என் உடம்பு பஸ்ல போய்ட்டு வரட்டும்."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் பின்னறைக்குப் போய் விரிப்பை உருவி, மூலையை மடித்தாள். உருவினாள். மடித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

கண்ணாடிக்காரர் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். காதில் பென்சில் செருகியபடியே இருந்தது. அவளைப் பார்த்ததும் சண்டைக்குத் தயாரானார். "அக்கா, நான் யாரையும் ஏமாத்தல. நோட்டீஸ் ஒட்டினேன்ல?"

"சண்டைக்கு வரல தம்பி. நீ கட்டுவியா மாட்டியா?"

"எனக்கே தெரியலக்கா. கையில காசு நின்னா கட்டுவேன். கண்ணாடிக்காரன் கையில காசு நிக்குமா? எது உடைஞ்சாலும் அது என் நஷ்டம்."

"கட்டினா எங்க வரும், எவ்வளவு உயரம் வரும்? அதை மட்டும் காட்டு."

அவர் தகரத்தின் விளிம்பில் விரலால் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேல் இரண்டு ஆள் உயரம் என்று அண்ணாந்து காட்டினார். அவளும் அண்ணாந்து பார்த்தாள். வெறும் காற்றில் சுவரைப் பார்க்க முடியவில்லை. அங்கேயே நின்று யோசித்தாள். வார்டில் அறுவைக்குப் பயந்து நடுங்குகிறவனுக்கு என்ன செய்வார்கள்? முதல் நாளே அழைத்துக்கொண்டுபோய் மேசையைக் காட்டுவார்கள், விளக்கைக் காட்டுவார்கள். பார்த்த பின்னும் வேண்டாம் என்றால் வேண்டாம். பாதிப் பயம் பார்க்காததில்தான் இருக்கிறது.

"உன்கிட்ட உயரமான கம்பு இருக்கா? கயிறு?"

"கண்ணாடி ஏத்தற குழாய் இருக்கு. எதுக்கு?"

"காலையில சொல்றேன்" என்றாள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது முன்னால் அறிவிக்காமல் இருந்தாளே என்று அவருக்கு ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்து கண்டக்டருக்குப் போன் செய்தாள். "நாளைக்குக் காலையில ஒரே ஒரு தடவை அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. சுவர் வந்தா எப்படி இருக்கும்னு காட்டறேன்."

"எப்படிக் காட்டுவீங்க? விடியறதுக்குள்ள கட்டிடுவாரா?"

"துணியில கட்டறேன்."

"நான் வேணாம்னு சொல்லத்தான் வருவேன்" என்றாள் கண்டக்டர்.

"வந்து சொல்லுங்க."

மறுநாள் டயாலிசிஸ் நாள். பத்தரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். விடிந்ததும் அறிவிப்பம்மா பெட்டியைத் திறந்து பழைய வெள்ளை விரிப்புகளையெல்லாம் எடுத்தாள். நடு நைந்தவை, ஓரம் பிரிந்தவை, மருந்துக் கறை போகாதவை. கண்ணாடிக்காரர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு தகரத்தின் மேல் ஏறி, குழாய் இரண்டை நட்டுக் கயிறு இழுத்தார். அவள் சந்தில் நின்று ஒவ்வொரு விரிப்பாக நீட்டினாள். துணிக்கவ்விகளைப் போட்டு வைத்த கூடை உள்ளேயே இருந்தது. எடுக்கத் திரும்பினால், வாசலில் வீட்டுக்காரர் டயாலிசிஸ் ஊசி ஏற்றி ஏற்றி நரம்பு புடைத்த, யாரும் பிடிக்கக்கூடாத இடது கையை மார்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, வலது கையில் கூடையோடு நின்றார்.

"இந்தா. கவ்வி இல்லாம என்னத்தக் கட்டற? பெரிய கொத்தனாரம்மா."

காற்று அடித்து விரிப்பெல்லாம் கப்பல் பாய் போல உப்பியது. கண்ணாடிக்காரர் தன் செங்கல்லையே எடுத்து அடிவிளிம்பில் வைத்து அழுத்தினார். "என் சுவருக்கு இன்னிக்குத்தான் முதல் கல்லு வெச்சிருக்கேன்" என்று தகரத்தின் மேலிருந்து சத்தமாகச் சொன்னார்.

அவள் பின்னறைக்குள் போய்ப் பார்த்தாள். வெள்ளைத் துணிக்கே அறை மங்கிப்போயிருந்தது. செங்கல் என்றால் காலையிலேயே விளக்குப் போட வேண்டும். நானாக இருந்தால் வாங்க மாட்டேன் என்று நினைத்தாள். இனி கழற்றவும் நேரமில்லை, வாசலில் ஆட்டோ வந்துவிட்டது.

"ஐயா, இப்ப சாய்க்கறேன். இப்ப ஜன்னல் பக்கம் திருப்பறேன். சுவர் தெரியும்."

பெரியவர் திரும்பிப் படுத்து விரிப்புகளைப் பார்த்தார். நைந்த இடத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரு பொட்டு வானம்.

"சுவருல கறையெல்லாம் இருக்கே."

"அது பழைய மருந்துக் கறை. நிஜச் சுவருல இருக்காது. ஆனா வெளிச்சமும் இருக்காது."

கண்டக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "பாத்தீங்களா அப்பா? குகை மாதிரி இருக்கு. கிளம்பலாம்."

அந்த நேரம் முன்பக்கச் சாலையில் ஒரு லாரி திரும்பியது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பெரியவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மூணாவதுலயே திருப்பறான் பாரு. எஞ்சின் திணறுது, காதுல விழலையா அவனுக்கு? ரெண்டாவது போடுடா!" லாரிக்காரன் காதில் விழுந்துவிட்டது போல அடுத்த கணம் கியரைக் குறைத்தான். பெரியவரிடம் முதன்முதலாக எரிச்சல் இல்லாத ஒரு முகம் தெரிந்தது. "எழுப்பும்மா என்னை. அந்த வண்டி எங்க போகுதுன்னு பாக்கணும்."

"இப்ப எழுப்பறேன்" என்றாள் அறிவிப்பம்மா. சொல்லியே எழுப்பினாள்.

அவர் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராக முன்னறைக்குப் போனார். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் அருகில் வீட்டுக்காரரின் நாற்காலி. வீட்டுக்காரர் எழுந்து இடம் விட்டார். பெரியவர் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஜன்னல் விளிம்பில் வைத்தார், ஸ்டீயரிங்கைப் பிடிப்பது போல. லாரி கோடியில் வளைந்து மறையும் வரை பார்த்தார்.

"கட்டிலை இங்க போட்டா ஆகாதா?"

"இது கூடம்ப்பா. தூசி வரும், சத்தம் வரும். படுத்துக்கிட்டு வானம் பாக்கலாம்னுதானே அந்த ரூமைப் பாத்தோம்?"

"பாத்தோம் இல்ல, பாத்த. என்னை யாரு கேட்டா? ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான், ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் படுக்க வெச்சாங்க. மேகத்தைப் பாத்துப் பாத்துப் பைத்தியம் பிடிச்சது. அது எங்கிருந்து வருது, என்ன சுமை, எங்க இறக்கும்? ஒண்ணும் தெரியல." அவர் ஜன்னல் விளிம்பைத் தட்டினார். "வாழ்நாள் பூரா முன் கண்ணாடி வழியா பாத்தவன் நான். சைடு ஜன்னல் கிளீனருக்கும்மா."

அறிவிப்பம்மாவுக்குச் சுருக்கென்றது. எத்தனை பேரை அவள் வானத்தின் பக்கம் திருப்பிப் படுக்கவைத்திருப்பாள்! எந்தப் பக்கம் திருப்பப் போகிறோம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறாள். எந்தப் பக்கம் வேண்டும் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

"அப்ப அந்தக் குகையில யாரு படுக்கறது?" என்றாள் கண்டக்டர்.

"நீதான். ராத்திரி பஸ் போய்ட்டு வந்து பகல்ல தூங்கறவளுக்கு வெளிச்சம் எதுக்கு? இப்ப இருக்கற வீட்டுல ஜன்னலுக்குப் போர்வை கட்டித்தானே தூங்கற?"

கண்டக்டர் பின்னறைக்குப் போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தாள். குரலில் மறுபடி டிக்கெட் கிழிக்கும் வேகம். "சுவரு வரப்போகுதுன்னு ஒப்பந்தத்துல எழுதணும். பின்னால நான் கேக்கல, நீங்க சொல்லலன்னு பேச்சே வரக்கூடாது. விலையிலயும் குறைக்கணும். குகைக்குக் குகை விலைதான்."

அறிவிப்பம்மா கணக்குப் போடத் தொடங்குமுன் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "குறைச்சுக்கலாம்மா. அந்த வீட்டுக்கு அலமாரி வாங்கலேன்னா போச்சு."

"அலமாரி இல்லாம துணியெல்லாம் எங்க வெக்கறது?" என்றாள் அவள்.

"சுவருல கட்டு. அதுதான் உனக்குக் கைவந்த வேலையாச்சே."

கண்டக்டர் நேற்றே கொடுப்பதற்காக வைத்திருந்த முன்பணத்தைத் தோள்பையிலிருந்து எடுத்து வீட்டுக்காரரின் கையில் கொடுத்தாள். தரகரை வரச்சொல்லிப் போன் போயிற்று. அவர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். மருத்துவமனைக்கு எதிர்வீட்டுச் சொந்தக்காரரிடம், சிகிச்சை முடிந்ததும் அப்படியே வந்து முன்பணம் கொடுத்துவிடுவதாக அறிவிப்பம்மா சொன்னாள். சந்துக்குப் போனாள். கண்ணாடிக்காரர் கவ்விகளைக் கழற்றிக் கழற்றிக் கீழே போட, அவள் விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறி மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். கடைசி விரிப்பு இறங்கியதும் பின்னறை மறுபடி வெளிச்சமானது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நேரமில்லை.

முன்னறையில் பெரியவர் நாற்காலியை விட்டு எழும் எண்ணத்திலேயே இல்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த லாரி எத்தனை மணிக்கு வரும் என்று அவருக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க" என்றாள் அறிவிப்பம்மா. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. இப்ப உங்க கைக்கு அடியில..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "எந்தக் கையைப் பிடிக்கட்டும்?"

வீட்டுக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வலது கையை நீட்டினார்.